தார்ச் சட்டியும் தந்தையின் தூரிகையும்

"சின்னத் தாத்தா, தார் எங்கே கிடைக்கும்?"

கேட்டவன் என் அண்ணனின் பேரன். கேட்டது 2025 பிப்ரவரித் திங்களின் கடைசி வாரத்தில் ஒரு மாலை. மும்மொழித் திட்டத்தை ஏற்றாலன்றிக் கல்வி நிதி கிடையாது என்று தில்லியிலிருந்து மிரட்டல் வந்து, தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்த வேளை. பொள்ளாச்சிப் புகைவண்டி நிலையத்துப் பெயர்ப்பலகையில் இந்தி எழுத்துகளின் மீது கருமை பூசப்பட்டது; பாளையங்கோட்டை நிலையத்திலும் அவ்வாறே. இருப்புப்பாதைப் பாதுகாப்புப் படையினர் வழக்குப் பதிந்தனர். அழிந்த எழுத்துகள் விரைந்து மீண்டும் எழுதப்பட்டன. அத்தனையையும் கைப்பேசியில் கண்டு, கண் சிவந்து, கை துடித்து வந்து நின்றான் பிள்ளை.

"தார் எதற்கு?" என்றேன், ஏதும் அறியாதவன் போல.

"இரண்டு பலகைக்கு. ஒன்று நம் ஊர் ஸ்டேஷன். இன்னொன்று, நூற்பாலைக்கு எதிரே வடக்கத்தியார் ஒருவர் வைத்திருக்கிற ரொட்டிக் கடை. பலகை முழுக்க இந்தி! இன்றிரவு பன்னிரண்டு மணிக்கு, யாரும் பார்க்காத நேரமாகப் போய்..."

தோழர்களே! எண்பதைக் கடந்தவன் நான். தார் என்ற சொல்லைக் கேட்டால் இந்த வயதிலும் அந்த நெடி மூக்கில் ஏறுகிறது. அது எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லாமல் அவனுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. உட்காரச் சொன்னேன். அவனிடம் சொன்னதை, அவன் வயதொத்த உங்களிடமும் சொல்லுகிறேன்.

என் தந்தையார் பலகை எழுதிப் பிழைத்தவர். மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் எழுதுவார். மாட்டு வண்டியின் பின்புறத்தில் உரிமையாளர் பெயரை எழுதுவார். நாடகக் கொட்டகைக்காரர் அழைத்தால் திரையும் தீட்டுவார். எங்கள் ஊர் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர். புகைவண்டி நிலையம் உண்டு. நிலையத்தின் தீ வாளிகள், இருக்கைகள், குடிநீர்ப் பலகை, ஊர்ப் பெயர்ப்பலகை எல்லாம் குத்தகைக்காரர் ஒருவர் வழியாகத் தந்தையாரிடம் வரும். ஆண்டில் நான்கு மாத அரிசி அந்த வேலையிலிருந்துதான் எங்கள் பானைக்கு வந்தது.

நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். தமிழை வாசிப்பார், ஆங்கில எழுத்துகளை இனம் காண்பார், இந்தியோ, அவருக்கு வெறுங்கோலம். "மேலே ஒரு விட்டம், அதிலே தொங்குகிற வௌவால்கள்" என்பார். ஏளனம் அன்று அது. தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிந்த வடிவம். அந்த எழுத்து அவருக்குத் தாளில் வரும். தாளிலுள்ள கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, பலகையின் மீது ஒட்டி, துணியில் முடிந்த கரித்தூளைத் தட்டுவார். தாளை எடுத்தால் பலகையில் புள்ளி புள்ளியாக வடிவம் தெரியும். புள்ளிகளைத் தூரிகையால் இணைப்பார், வேலை முடிந்தது!

"என்ன எழுதியிருக்கிறீர்கள் அப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம் ஊர்ப் பெயராம்" என்றார்.

பெயராம்! அந்த 'ஆம்' இன்றும் என் காதில் ஒலிக்கிறது. பிறந்த ஊரின் பெயரைத் தன் கையாலேயே எழுதிவிட்டு, அது அந்த ஊரின் பெயர்தான் என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை! மேடைகளில் ஆயிரம் விளக்கம் கேட்டிருக்கிறேன் பின்னாளில். மொழி ஆதிக்கம் என்றால் என்ன என்பதை எனக்கு முதலில் விளக்கியது அந்த ஒற்றைச் சொல்தான்.

இளைஞர்கள் பலர், இந்தி எதிர்ப்பு என்றதும் 1965 ஐ மட்டுமே நினைக்கிறார்கள். 1938 இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது அன்றைய சென்னை மாகாண அரசு. எதிர்த்து மறியல் செய்தோர் சிறை புகுந்தனர். நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் சிறைவாசத்தின் விளைவாக உயிர் துறந்தனர். 1940 பிப்ரவரியில் கட்டாயம் விலக்கப்பட்டது. பிறகு 1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை, தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என முடிவு செய்தது. பள்ளிக்கூட வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டது, புகைவண்டி நிலையத்து வாயிலில் வந்து நின்றது. பள்ளிக்குப் போகாதவனும் நிலையத்துக்குப் போவான் அல்லவா? புத்தகத்தை மூடி வைக்கலாம். ஊர்ப்பலகையை எப்படி மூடுவது?

மூடும் வழியை இயக்கம் கண்டது. 1952 ஆகஸ்ட் 1: நிலையங்களில் இந்தி எழுத்தை அழிக்கும் நாள் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். தந்தை எழுதுகிறவர், மகன் கோக்கிறவர். எழுத்தாலேயே சோறு தின்ற வீடு எங்களுடையது! ஜூலை 31 அன்று அண்ணனும் தோழர்கள் இருவரும் ஸ்டேஷன் மாஸ்டரை நேரில் கண்டு, "நாளைக் காலை வருகிறோம் ஐயா, இந்தி எழுத்தை மட்டும் அழிப்போம், வேறெதற்கும் ஊறு செய்ய மாட்டோம்" என்று சொல்லி, பெயரும் முகவரியும் எழுதிய தாளையும் தந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "ஒன்பது மணி வண்டி போனபிறகு வாருங்களப்பா, இறங்குகிறவர்கள் மேல் தார் சிந்தப் போகிறது" என்றாராம்.

மறுநாள் மாற்றுத் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, சிறைக்குப் போகும் களிப்போடு புறப்பட்டார் அண்ணன். ஏணி வேண்டுமே? தந்தையாரின் ஏணியையே, கேளாமல், தோளில் தூக்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பதினொரு வயதுச் சிறுவன். அந்தக் காட்சியை இப்போதும் வரைந்து காட்ட முடியும். அண்ணன் மெல்ல, மிக மெல்லப் பூசினார். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். இரண்டின் மேலும் ஒரு துளி படவில்லை. "வாழ்க தமிழ்!" என்று முழங்கிவிட்டு இறங்கினார். போலீசார் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய், மாலைவரை உட்கார வைத்து, பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். பிரிக்கப்படாத துணி மூட்டையோடு திரும்பிய அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிறை கிடைக்காத ஏமாற்றம். அம்மா மட்டும் அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் குத்தகைக்காரர் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அழிந்ததை எழுத வேண்டும்.

தந்தையார் போனார்.

அதை நான் மறைக்கப் போவதில்லை. மகன் அழித்ததைத் தந்தை எழுதினார். எளிதாகவும் எழுதவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தார், இரும்புத் தகட்டால் சுரண்டினார், உப்புத்தாளால் தேய்த்தார், மூன்று நாள் பட்டபாடு! தாரின் மேல் நேராக எண்ணெய் வண்ணம் பூசினால் நிற்காது. தார் கசிந்து பழுப்பாக மேலே வரும். அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்து, அதன்மேல் அடிவண்ணம் கொடுத்து, அதற்கும் மேலேதான் எழுத வேண்டும். எல்லாம் செய்தார். அப்படியும் அடுத்த சித்திரை வெயிலில் வௌவால்களைச் சுற்றிப் பழுப்புக் கறை படர்ந்தது. "அரக்கு போதவில்லை" என்றார். குத்தகைக்காரர் கூலியில் எட்டணா பிடித்தார்.

முதல் நாள் பலகையைப் பார்த்து வந்தவர், அண்ணனை நேராகப் பாராமல், அம்மாவிடம் சொல்வது போலச் சொன்னார்: "யார் பூசினானோ தெரியவில்லை, கோடு நேராக இருக்கிறது."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஒரு மாதம் இருவருக்கிடையே சொல் இல்லை. ஒருவர் உண்டு எழுந்தபின் மற்றவர் உட்காருவார். பள்ளியிலோ எனக்குத் தலைகாட்ட முடியவில்லை. "உன் அண்ணன் அழிக்கிறார், உன் அப்பா எழுதுகிறார், குடும்பத் தொழில் கொழிக்கிறதடா!" என்று கைகொட்டினார்கள். அப்பாவை வெறுத்தேன் நான். தன்மானம் என்ற சொல்லை அப்போதுதான் கற்றிருந்தேன். புதிதாகக் கத்தி வாங்கியவன் வெட்டக் கொடி தேடுவது போல, அந்தச் சொல்லுக்கு முதல் பலியாக வீட்டிலிருந்தவரையே தேர்ந்தெடுத்தேன்.

ஒருநாள் அண்ணனே வாய் திறந்தார்.

"அந்த வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாமே அப்பா."

"நான் போகாவிட்டால் இன்னொருவன் போவான். எழுத்து நிற்கும், நம் அடுப்புத்தான் நின்றுபோகும். அந்த எழுத்தை வைக்கச் சொன்னது நானா? நீயா? அந்த ஸ்டேஷன் மாஸ்டரா? வைக்கச் சொன்னவனை நீ பார்த்திருக்கிறாயா?"

"பார்த்ததில்லை. அவன் நம்மைப் பார்க்க வேண்டும் என்றுதான் பூசினேன்."

தந்தையார் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு இருவரும் ஒன்றாக உண்டார்கள்.

அடுத்த ஆண்டு வந்தது கல்லக்குடி. எங்கள் பகுதியில் அந்த ஊரை அறியாதார் இல்லை. சுண்ணாம்புப் பாறை நிறைந்த மண். 1939 இல் வடநாட்டு முதலாளி டால்மியாவின் சிமெண்ட் ஆலை எழுந்தது. ஆலையைத் தொடர்ந்து ஊரின் பெயரே டால்மியாபுரம் ஆயிற்று. ஆலை வைத்தவனுக்கு இலாபம் போதாதா, ஊரின் பெயரும் வேண்டுமா என்று மக்கள் கேட்டனர். 1953 ஜூலை 15 அன்று மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையாக, கலைஞர் மு. கருணாநிதி தலைமையில் சென்ற தோழர்கள் நிலையத்துப் பலகையில் 'கல்லக்குடி' என்ற தாளை ஒட்டினர். பிறகு தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தனர். கைது, தடியடி, அதன்பின் துப்பாக்கிச் சூடு. இருவர் மாண்டனர். ஒரு தாளில் ஓர் ஊரின் பழைய பெயர். அதற்கு விலை இரண்டு உயிர்! அண்ணனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். இம்முறை துணி மூட்டைக்கு வேலை வந்தது. இரண்டு மாதம் சிறை.

அவர் உள்ளே இருந்தபோதே ஆகஸ்டில் மறுபடியும் அழிப்புப் போராட்டம் நடந்தது. எங்கள் ஊர்ப் பலகையை வேறு தோழர்கள் அழித்தார்கள். குத்தகைக்காரர் மறுபடியும் வாயிலில் நின்றார்.

"கண் மங்கிவிட்டது ஐயா. அந்த எழுத்துப் புள்ளி இப்போது தெரிவதில்லை" என்றார் தந்தையார்.

அன்று காலைதான் மருந்துக் கடைப் பலகையில் கடுகளவு எழுத்தை எழுதி முடித்திருந்தார்! குத்தகைக்காரருக்கும் அது தெரியும். ஒன்றும் சொல்லாமல் போனார். திருச்சியிலிருந்து வேறோர் ஆள் வந்து எழுதினான். அன்றோடு தீ வாளியும் போயிற்று, இருக்கையும் போயிற்று, நான்கு மாத அரிசியும் போயிற்று. எனக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட அம்மாவின் காதிலிருந்தது போயிற்று. தந்தையார் இயக்கத்தில் சேரவில்லை, கொடி பிடிக்கவில்லை, கூட்டத்துக்கும் வந்ததில்லை. மகன் சிறையில் இருக்கையில் அந்தத் தாளைப் பலகையில் ஒட்டக் கை வரவில்லை, அவ்வளவே. அவரை வெறுத்த நான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதன் பிறகும் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

தார் எங்கள் வீட்டுக்குள் இரண்டாம் முறை வந்தது 1958 இல். கடல் கடந்து வந்தது.

என் தாய்மாமன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜூனில், தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, உடுத்த துணியோடு வந்து சேர்ந்தார். இலங்கையில் 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததையும், ஊர்திகளின் எண் பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறிக்கச் செய்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த எழுத்தோடு பேருந்துகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, தமிழரசுக் கட்சியார் அதன்மேல் தார் பூசித் தமிழ் எழுத்தை எழுதினர். மறுமொழி தெற்கிலே கிடைத்தது. கொழும்பில் கூட்டம் கூட்டமாகத் தார்ச் சட்டியோடு புறப்பட்டு, தமிழ்ப் பலகைகளைத் தேடித் தேடிப் பூசினார்கள். மாமன் வேலை செய்த கடைப் பலகையிலும் தமிழ் கருகியது. ஏப்ரலில் பலகையைக் கருக்கியவர்கள், மே மாதத்தில் கடையைக் கருக்கினார்கள், மனிதரையும் கருக்கினார்கள். மே 27 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்படும் முன்பே நூற்றுக்கணக்கில் கொலைகள் தொடங்கிவிட்டன.

மாமன் சொல்லி முடித்தபோது விளக்கில் எண்ணெய் தீர்ந்திருந்தது. தந்தையார் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

"அதுவும் தார்தானே?"

அண்ணன் பேசவில்லை. பேசத் தெரியாதவர் அல்லர். தெருமுனையில் இரண்டு மணி நேரம் முழங்குகிறவர். ஆனால் அந்த ஐந்து அசைக் கேள்விக்கு அவரிடம் அன்றைக்கு விடை இல்லை. நான்கு நாள் கழித்து, அச்சகத்திலிருந்து வந்ததும் வராததுமாக, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"அப்பா, நாங்கள் போனது பகலில். முதல் நாளே சொல்லிவிட்டுப் போனோம். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனோம். போலீசார் வந்தால் ஓடவில்லை. நாங்கள் அழித்தது அரசாங்கம் வைத்த எழுத்து. அங்கே அவர்கள் பூசியது ஒரு கடைக்காரர், தன் கையாலே, தன் காசிலே, தன் மொழி பேசுகிறவர்களுக்காக வைத்த எழுத்து. எங்களுக்கு எதிரே போலீசார் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலே போலீசார் நின்றார்கள்."

"பகலில் போனால் மட்டும் தார் வெள்ளையாகிவிடுமா?" என்றார் தந்தையார். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்ததை நான் கண்டேன்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஆசிரியர் வேலை பார்த்த காலமெல்லாம், நூலகத்தில் கைக்குக் கிடைத்த ஏடுகளில் பலகைச் செய்திகளைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பித்தாகவே ஆயிற்று. ஆஸ்திரியா நாட்டின் தெற்கே கரிந்தியா என்றொரு மாநிலம். ஜெர்மன் பேசுவோர் நடுவே சுலோவீனிய மொழி பேசும் சிறுபான்மையினர் வாழ்கின்றனர். 1955 இல் கையெழுத்தான அரசு ஒப்பந்தத்தின் ஏழாம் விதி, அவர்கள் வாழும் பகுதிகளில் ஊர்ப்பலகைகள் இரு மொழியிலும் இருக்கும் என உறுதி கூறுகிறது. உறுதி ஏட்டில் பதினேழு ஆண்டுகள் உறங்கிற்று. 1972 செப்டம்பரில் 205 ஊர்களுக்கு இருமொழிப் பலகை வைக்க அரசு முனைந்தது. சில நாள்களுக்குள் ஜெர்மன் மொழி வெறியர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டு அவற்றைப் பிடுங்கி எறிந்தனர். அந்நாட்டார் அதைப் 'பலகைப் புயல்' என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். காவலர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தனர். 2001 இல் அரசியல் சட்ட நீதிமன்றம் சுலோவீனியருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்கு வழிவகுத்தவர் ஒரு வழக்கறிஞர். ஜெர்மன் மட்டுமே எழுதிய பலகையைத் தாண்டி வேண்டுமென்றே ஊருக்குள் விரைவாக வண்டி ஓட்டித் தண்டம் வாங்கி, "பலகையே செல்லாது, எனக்கு எப்படித் தண்டம்?" என்று வழக்காடினார்! அதற்குப் பிறகும் மாநில ஆளுநர், சில மீட்டர் தள்ளிப் புதுப் பலகை நட்டால் பழைய தீர்ப்புப் பொருந்தாது என்று பலகைகளை நகர்த்தி விளையாடினார். 2011 இல்தான் 164 ஊர்கள் என்று உடன்பாடு கண்டார்கள். கேட்டது 205, கிடைத்தது 164, ஆனது ஐம்பத்தாறு ஆண்டுகள்.

கரிந்தியாவில் புயல் வீசிய காலத்திலேயே வேல்சு நாட்டிலும் பலகைப் போர் நடந்தது. அங்கே எழுந்தவர்கள் சிறுபான்மையினர். ஆங்கிலம் மட்டுமே எழுதிய சாலைப் பலகைகளில் வேல்சு மொழி இளைஞர்கள் பச்சை வண்ணம் பூசினார்கள். பிடிபட்டால் பெயர் சொன்னார்கள். தண்டம் கட்ட மறுத்துச் சிறை போனார்கள். அவர்களுள் ஒரு பாடகரை 1970 இல் சிறையிலிட்டபோது, நீதிமன்ற நடுவர்கள் சிலரே பணம் திரட்டித் தண்டத்தைக் கட்டினர். 1972 இல் அரசு அமைத்த குழு, பலகைகள் இரு மொழியிலும் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. இதைப் படித்த அன்று, அண்ணனுக்கு அஞ்சலட்டை எழுதினேன்: "உங்கள் தாரின் உறவுக்காரர்கள் பச்சை நிறத்தில் இருக்கிறார்கள்."

இந்தக் கதைகளைக் கேட்டுப் பேரன் பொறுமை இழந்தான்.

"அது எல்லாம் சரி, தாத்தா. இப்போது பூசலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்கள். 2017 இல் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தேசிய நெடுஞ்சாலை மைல்கல்லில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு இந்தியை எழுதினார்களே, சும்மா இருந்தோமா?"

"சும்மா இருக்கச் சொல்லவில்லையடா. சட்டத்தைத் தெரிந்துகொண்டு போ என்கிறேன். ஆட்சிமொழி விதிகள் 1976 என்று ஒன்றிய அரசு இயற்றியது இருக்கிறது. அலுவலகப் பெயர்ப்பலகைகளில் இந்தி வேண்டும் என்று அதில் விதி உண்டு. ஆனால் முதல் விதியே என்ன சொல்கிறது தெரியுமா? தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் இவை பொருந்தும் என்கிறது! அந்த 'நீங்கலாக' என்ற சொல் வானத்திலிருந்து விழவில்லை. 1964 இல் திருச்சி நிலையத்தின் முன்னே தீக்குளித்த சின்னசாமி, 1965 இல் குண்டடிபட்டு விழுந்த மாணவர்கள், அவர்கள் எழுதிய சொல் அது. இனி அடுத்த பக்கம். இருப்புப்பாதைச் சட்டம் 1989, 166 ஆம் பிரிவு: நிலையப் பலகையின் எழுத்தை அழித்தால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 250 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். இரண்டையும் தெரிந்துகொண்டு, ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவனுக்குத்தான் தார்ச் சட்டியைத் தொடத் தகுதி. இரவு பன்னிரண்டு மணிக்குப் போகிறவனுக்கு இல்லை."

"ரொட்டிக் கடை?"

இங்கேதான் அவனுக்கும் எனக்கும் உண்மையான சண்டை. தாத்தா கிழடு தட்டிவிட்டார், அஞ்சுகிறார் என்று அவன் கண்ணில் எழுதியிருந்தது. தாரைவிடத் தெளிவான எழுத்து.

நான் சென்ற ஆண்டு நிலையத்தில் கண்டதைச் சொன்னேன். வண்டியிலிருந்து இறங்கிய ஓர் இளைஞன், தோளில் பையும் கையில் நெகிழி வாளியுமாக, பலகையின் முன்னே திகைத்து நின்றான். மூன்று மொழியில் ஊர்ப் பெயர் இருக்கிறது. அவனால் படிக்க முடியவில்லை. அருகே போனேன். கைப்பேசியைக் காட்டினான். திரையில் வட்ட வட்டமாக எழுத்து. ஒடியா! வடக்கிலிருந்து வருகிறவர்களுக்காகத்தான் இந்தி என்கிறார்களே, அந்த வடக்கத்தியானுக்கே இந்தி எழுத்துப் பழக்கமில்லை. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துத்தான் இறங்க வேண்டிய ஊர் இதுவே என்று அறிந்தான். ஆலைக்கு வழி காட்டினேன். என் தந்தையார் 'பெயராம்' என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்ததோ, அப்படித்தான் இருந்தது அந்தப் பிள்ளையின் முகம்.

தேவைக்கு எழுதும் எழுத்து வேறு. ஆணைக்கு எழுதும் எழுத்து வேறு. ஆலை மருத்துவமனையில் ஒடியாவிலும் வங்காளியிலும் இந்தியிலும் எழுதி வையுங்கள். விரல் அறுந்து வருகிறவனுக்கு எந்த அறைக்குப் போவது என்று தெரிய வேண்டும். அதை எதிர்க்கிறவன் பகுத்தறிவாளன் அல்லன். 1952 இல் எங்கள் சிற்றூர் நிலையத்தில் இந்தி படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இறங்கியதில்லை, ஆனாலும் எழுதினார்கள். யார் படிப்பதற்கு? யாரும் படிப்பதற்கன்று, ஆள்வது யார் என்று காட்டுவதற்கு. அந்தப் பலகையில் அண்ணன் பூசினார், சரிதான். ரொட்டிக் கடைக்காரர் பீகாரிலிருந்து வந்தவர். தன் மொழிக்காரன் பசியோடு வந்தால் கடையைக் கண்டுபிடிக்கட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். கொழும்பில் மாமனின் முதலாளி எழுதி வைத்ததும் அதற்குத்தானே? அந்தப் பலகையில் தார் பூசிவிட்டு, 1958 ஐப் பற்றி எந்த மேடையில் நின்று பேசுவாய்?

"தமிழ்நாட்டில் கடைப் பலகை தமிழில் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, தாத்தா" என்றான் விடாமல். தாத்தாவின் ஆயுதத்தையே திருப்பி வீசுகிறான்! எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

"இருக்கிறது. பகலில் போய்ச் சொல். இருப்பதை அழிக்காதே, இல்லாததை எழுதச் சொல்."

அன்றிரவு அவன் எங்கும் போகவில்லை. மறுநாள் காலை, தோழர்கள் மூவரோடு நிலையத்துக்குப் போய், நாளும் நேரமும் பெயரும் எழுதிய கடிதத்தைக் கொடுத்தான். அங்கிருந்தவர் வாங்க மறுத்தார். மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்கள். அறிவித்த நாளில் நிலைய வாயிலில் காவலர்கள் நின்றிருந்தும், இவன் எப்படியோ பலகை வரை போய்விட்டான். பாதிப் பெயர் கறுப்பதற்குள் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு இருக்கிறது. பூசிய பாதியை நானும் போய்ப் பார்த்தேன். கோடு கோணல், ஆங்கிலத்தின் மேல் இரண்டு துளி சிந்தியிருந்தது.

ரொட்டிக் கடைக்கு இருவரும் சேர்ந்தே போனோம். கடைக்காரர் பேச்சில் தமிழ் வந்துவிட்டது, எழுத்துத்தான் வரவில்லை. பலகையிலிருப்பது அவருடைய மகளின் பெயராம். தமிழிலும் எழுதிவிடுகிறேன் என்று மேல் பாதியில் இடம் விட்டுப் பலகையைப் புதிதாக அடித்து மாட்டியிருக்கிறார். எழுதத்தான் ஆள் கிடைக்கவில்லை. கையால் பலகை எழுதுகிறவர் எங்கள் ஊரில் இப்போது ஒருவரும் இல்லை. தந்தையாரின் தகரப் பெட்டியில் தூரிகைகள் இரண்டு இருக்கின்றன. மயிர் காய்ந்து கட்டையாகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.